நூலை அறுக்காத தையல்: லீ மிங்வெயின் கலையும் அதன் நிபந்தனைகளும்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இத்தாலியில் நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பினாலேயில், 2017-இல், ஆர்செனாலே கட்டடத்துக்குள் ஒரு நீளமான மேசை போடப்பட்டிருந்தது. அதையொட்டி நாற்காலிகள். பின்சுவர் முழுக்கக் கூம்பு வடிவ நூல்கண்டுகள், எல்லா நிறத்திலும். கிழிந்த சட்டையோ ஓட்டை விழுந்த ஸ்வெட்டரோ எதையாவது கொண்டுபோனால், மேசையில் இருப்பவர் வாங்கிப் பார்த்து, உங்களையும் எதிரே உட்காரவைத்துத் தைக்க ஆரம்பிப்பார். கூலி கிடையாது. தைக்கும்வரை பேச்சு ஓடும். இந்தச் சட்டை யாருடையது, எப்படிக் கிழிந்தது, இன்னும் ஏன் தூக்கிப்போடவில்லை என்று எதை வேண்டுமானாலும் பேசலாம்.

தெருமுனைத் தையல் கடையில் நடக்காத இரண்டு விஷயங்கள் அங்கே நடந்தன. ஒன்று, துணியின் நிறத்துக்குப் பொருந்தும் நூலை அவர் தேடவில்லை. நீலச் சட்டைக்கு ஆரஞ்சு நூல் போகலாம். சரிசெய்த இடம் மறையக் கூடாது, பளிச்சென்று தெரியவேண்டும். இன்னொன்று, தைத்து முடித்த பிறகு நூலை அறுப்பதில்லை. துணி மேசையில் மடித்து வைக்கப்படும்; அதிலிருந்து கிளம்பும் நூலின் மறுமுனை சுவரில் உள்ள கண்டிலேயே இருக்கும். அடுத்தவர் துணி அதன்மேல் வரும், இன்னொரு நூல் நீளும். நாட்கள் போகப்போக மேசைக்கும் சுவருக்கும் நடுவே நூல்களாலேயே ஒரு வலை உண்டாகும். கண்காட்சி முடியும்போது வந்து துணியை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தப் படைப்பின் ஏற்பாடு.

இதை உருவாக்கியவர் லீ மிங்வெய். தைவானின் தைசூங் நகரில் 1964-இல் பிறந்தவர். அமெரிக்காவில் படித்து, பாரிஸ், நியூயார்க் என்று வாழ்பவர். தையல் மேசை முதன்முதலில் 2009-இல் நியூயார்க்கில் வந்தது, ஆனால் அதன் வேர் 2001 செப்டம்பர் 11-இல் இருக்கிறது. உலக வர்த்தக மையத்தில் வேலை பார்த்த அவருடைய வாழ்க்கைத் துணை அன்று உயிர் தப்பி வீடு வந்து சேர்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், வெகுநாளாகத் தைக்காமல் தள்ளிப்போட்டிருந்த துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு அன்று தைக்கத் தொடங்கினார் லீ.

கலந்துகொள்ளும் கலை, சடங்கு சார்ந்த கலை என்றெல்லாம் இவரைப் பற்றி எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் பார்வையாளரைக் கூப்பிட்டு எதையாவது செய்யவைக்கும் கலை கடந்த 30 ஆண்டுகளில் உலகம் முழுக்க மலிந்துவிட்டது. சுவரில் எழுதச் சொல்வார்கள், மரத்தில் சீட்டு கட்டச் சொல்வார்கள், சேர்ந்து பாடச் சொல்வார்கள். பெரும்பாலும் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடும். லீயின் படைப்புகள் அப்படி மறப்பதில்லை என்றால், அதற்குக் காரணம் அவர் வைக்கும் நிபந்தனைகள் என்பது என் எண்ணம். நூலை அறுக்காதே என்பது ஒரு நிபந்தனை. பளிச்சென்று தைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இலவசத் தையல் சேவை மட்டும்தான்.

சடங்கும் அப்படித்தானே. எத்தனை முறை சுற்றவேண்டும், எந்தக் கையால் கொடுக்கவேண்டும், யார் முதலில், எதற்குப் பிறகு எது என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. அதனால்தான் துக்க வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவருக்கும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பேரை அதே மாதிரி ஒரு வரிசைக்குள் கொண்டுவருகிறார் லீ. சங்கடம் குறைகிறது, நெருக்கம் சாத்தியமாகிறது.

அவருடைய ஆரம்பமும் ஒரு துக்கத்தில்தான். சிறுவயதில் கோடை விடுமுறைகளில் சான் பௌத்த மடத்தில் தங்கிப் பயின்றவர் அவர். சான் என்பது பின்னாளில் ஜப்பானில் ஜென் என்று வளர்ந்த மரபின் சீன மூலம். கலிஃபோர்னியாவில் துணிக்கலையும், பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சிற்பமும் படித்தார். பாட்டி இறந்தபோது நார்சிசஸ் என்ற பூச்செடியின் கிழங்கு ஒன்றை நட்டு, அந்தத் தொட்டியை 100 நாள் போகுமிடமெல்லாம் கூடவே தூக்கிக்கொண்டு போனார். சாப்பிடும்போது, நடக்கும்போது, தூங்கும்போது. அது முளைத்தது, பூத்தது, வாடியது, செத்தது. அப்புறமும் தூக்கிக்கொண்டு போனார். 1995-இல் வந்த இந்தப் படைப்பில் நமக்குக் கிடைப்பது சில புகைப்படங்களும் அவற்றின்மேல் அச்சான சிறு குறிப்புகளும்தான். பார்வையாளருக்கு இதில் வேலை எதுவும் இல்லை. ஆனால் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அச்சு இங்கேயே இருக்கிறது: ஒரு இழப்பு, ஒரு எளிய செயல், அதற்கு ஒரு கால அளவு, அதை மீறாத பிடிவாதம்.

யேலில் சேர்ந்தபோது அவருக்கு அங்கே யாரையும் தெரியாது. வளாகத்தில் சுவரொட்டி ஒட்டினார்: சேர்ந்து சாப்பிட்டுப் பேச விருப்பமுள்ளவர் கூப்பிடலாம். கூப்பிட்டார்கள். ஒரு இரவுக்கு ஒருவர் என்று சமைத்துப் போட்டார். 1998-இல் விட்னி அருங்காட்சியகம் நியூயார்க்கில் நடத்திய கிளைக் கூடத்தில் அது கண்காட்சியானபோது விதிகள் சேர்ந்துகொண்டன. சாப்பிட வருபவரைக் குலுக்கலில் தேர்ந்தெடுப்பார்கள். அருங்காட்சியகம் மூடிய பிறகுதான் சாப்பாடு. மரமேடை, பாய், தாழ்ந்த மேசை, இரண்டே பேர். பகலில் வரும் கூட்டத்துக்குக் கிடைப்பது முந்தைய சாப்பாடுகளின் மங்கலான தடயம், புரிந்தும் புரியாமலும் கேட்கும் பேச்சின் ஒலி.

இந்த இடத்தில் ரிக்ரித் திராவனிஜாவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. தாய்லாந்து மரபில் வந்த அவர் 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் கலைக்கூடங்களுக்குள் அடுப்பை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் குழம்பும் நூடுல்ஸும் சமைத்துப் போட்டார். இப்படி மனித உறவையே கலையின் பொருளாகக் கொள்ளும் போக்குக்கு பிரெஞ்சு விமர்சகர் நிக்கோலா பூரியோ 1998-இல் ‘உறவுசார் அழகியல்’ என்ற நூலில் ஒரு பெயரும் கொடுத்துவிட்டார். திராவனிஜாவின் சமையல் கதவைத் திறந்து போட்டது. யார் வேண்டுமானாலும் வரலாம், நிற்கலாம், போகலாம். லீயின் சாப்பாடு கதவைச் சாத்திவிட்டுத் தொடங்குகிறது. ஒருவருக்கு ஒருவர் மட்டும். கூட்டத்தில் பகிரப்படும் உணவு விருந்து. மூடிய கட்டடத்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே மேசையில் அமர்வது கிட்டத்தட்ட ஒரு விரதம் மாதிரியான காரியம். இரண்டும் கலைதான், ஆனால் ஒரே பெட்டியில் போட்டுப் பேசுவது எதையும் விளக்காது.

2000-இல் இதையே இன்னும் ஒரு படி கொண்டுபோனார். குலுக்கலில் வந்தவரோடு கலைக்கூடத்திலேயே இரவு தூங்கினார். பாரிஸிலிருந்து பிராகுக்குப் போன ரயிலில், நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்த ஒரு போலந்து முதியவரோடு ஒரே பெட்டியில் கழித்த இரவுதான் இதற்குத் தூண்டுதல். வருபவர் தன் படுக்கையருகே வழக்கமாக வைத்திருக்கும் சில பொருட்களைக் கொண்டுவந்து, விடிந்ததும் அங்கேயே விட்டுப்போவார். மறுநாள் வருபவர்கள் அந்தக் கட்டிலையும் பொருட்களையும் பார்ப்பார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது, உணவுப் படைப்போடு ஒட்டி 1998-இல் வந்த கடிதச் சாவடிகள். மரத்தாலும் மங்கல் கண்ணாடியாலும் ஆன மூன்று சிறு அறைகள். வெளிச்சம் உள்ளே வரும், உருவம் நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். ஒன்றில் நின்றுகொண்டு எழுதவேண்டும், ஒன்றில் உட்கார்ந்து, ஒன்றில் மண்டியிட்டு. சான் தியானத்தின் உடல் நிலைகளிலிருந்து எடுத்தவை இவை. நன்றி சொல்வது, உணர்ந்ததைச் சொல்வது, மன்னிப்புக் கேட்பது அல்லது மன்னிப்பது என்று மூன்று நோக்கங்கள். பாட்டி இறந்த பிறகு, அவரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் லீ கடிதமாக எழுதிக்கொண்டிருந்ததுதான் இதன் பின்கதை.

எழுதி முடித்தவருக்கு இரண்டு வழி. உறையை ஒட்டி முகவரி எழுதிச் சாவடியின் சுவரில் உள்ள தட்டில் வைத்தால், அருங்காட்சியகமே தபால்தலை ஒட்டி அனுப்பிவிடும். ஒட்டாமல் வைத்தால் அடுத்து வருபவர் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இந்த இரண்டாவது வழியில்தான் லீயின் நுட்பம் இருக்கிறது. இறந்துபோனவருக்கு எழுதிய கடிதத்துக்கு முகவரி கிடையாது. அதை வீட்டில் வைத்திருந்தால் அது ஒரு தனிமனிதத் துயரம். இங்கே ஒட்டாமல் விட்டால், படிக்க ஒருவர் இருக்கிறார். அவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. எழுதியவர் யாரென்று படித்தவருக்கும் தெரியாது. அப்படியும் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிறகு படித்தவர் தன் பங்குக்கு எழுதுகிறார். பல நாடுகளில் பல மொழிகளில் இந்தச் சாவடிகள் நின்றிருக்கின்றன, கலைஞர் பக்கத்தில் இல்லாமலேயே.

மண்டியிட்டு எழுதுவதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். மேசையில் சாய்ந்து உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதுவது வேறு. முழங்கால் நோக எழுதுவது வேறு. நோகும்போது கடிதம் நீளாது. சாக்குப்போக்குக்கு நேரம் இருக்காது. உடம்பை ஒரு நிலையில் வைத்தால் மனம் பின்னால் வரும் என்பது எல்லா மத மரபுகளும் அறிந்த விஷயம். கலைக்கூடங்கள் அதை மறந்து, பார்வையாளரை வெறும் கண்ணாக மட்டும் நடத்திவந்த காலத்தில் லீ அந்த அறிவை உள்ளே கொண்டுவந்தார்.

அவர் கலையின் இன்னொரு பாதி பரிசு பற்றியது. 2009-இல் லியோன் பினாலேக்குச் செய்த படைப்பில் ஒரு நீண்ட கருங்கல் மேசை. அதன் நடுவே ஒழுங்கற்ற பிளவு மாதிரி ஒரு வாய்க்கால், அதில் புதிதாகச் செருகிய பூக்கள். பார்வையாளர் ஒரு பூவை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நிபந்தனை: வந்த வழியே திரும்பாமல் வேறு வழியில் போகவேண்டும், போகிற வழியில் முன்பின் தெரியாத ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு இது நியூயார்க்கில் ப்ரூக்ளின் அருங்காட்சியகத்துக்கும் போனது.

நம் கல்யாண வீடுகளில் மொய் எழுதுவது நினைவுக்கு வருகிறது. யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் ஏறிவிடும். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் அதைவிடக் குறையாமல் திருப்பி வைக்கவேண்டும். கொடுத்தவரிடமே திரும்பிப் போகும் பரிசு அது, அதனால் உறவு இறுகுகிறது, சில சமயம் கழுத்தையும் இறுக்குகிறது. லீயின் பூ முன்னால் மட்டும்தான் போகும். அருங்காட்சியகத்துக்கு நீங்கள் எதையும் திருப்பித் தரமுடியாது. பூவை வாங்கிக்கொண்டவரும் உங்களுக்குத் தரமுடியாது, உங்களை அவருக்குத் தெரியாது. கணக்கு எழுத இடமே இல்லை.

அது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. செய்து பார்த்தால் கூச்சமாக இருக்கும். ஒரு பெரிய நகரத்தின் நடைபாதையில் தெரியாத ஒருவரிடம் போய்ப் பூவை நீட்டுவது சுலபமில்லை. விற்க வந்தவரோ என்று நினைப்பார்கள், வேறு நோக்கமோ என்று சந்தேகப்படுவார்கள். சிலர் வாங்காமல் போய்விடுவார்கள். பெண் நீட்டினால் ஒரு அர்த்தம், ஆண் நீட்டினால் இன்னொரு அர்த்தம். இந்த உரசல்தான் படைப்பின் உண்மையான களம். அது அருங்காட்சியகத்துக்கு வெளியே, கேமரா இல்லாத இடத்தில் நடக்கிறது. லீக்கே அது தெரியப்போவதில்லை. தன் படைப்பின் முக்கியப் பகுதியைத் தான் பார்க்க முடியாமல் அமைத்துக்கொண்ட கலைஞர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

2013-இல் சோல் நகரின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்காக உருவாக்கியதில் பரிசு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டபோது, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடல்கள் இருவருக்கும் ஆறுதலாக இருந்தன. அதிலிருந்து பிறந்தது இது. கண்காட்சி அறையில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் நீண்ட அங்கி அணிந்த பாடகர் வந்து, உங்களுக்கு ஒரு பரிசு தரலாமா என்று கேட்பார். சரி என்றால் ஒரு நாற்காலிக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, சில அடி தூரத்தில் நின்று, அவர் கண்ணைப் பார்த்து ஷூபர்ட்டின் பாடல் ஒன்றைப் பாடுவார். ஒருவருக்காக மட்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் உட்படப் பல இடங்களில் இது நடந்திருக்கிறது. கேட்டவர்கள் பலர் அழுதிருக்கிறார்கள்.

ஏன் அழுகிறார்கள்? பாடல் அழகானது, குரல் பக்கத்தில் இருக்கிறது, சரி. ஆனால் அரங்கில் டிக்கெட் வாங்கிக் கேட்டால் இப்படி அழமாட்டோம். கொடுக்கப் பழகிய அளவுக்கு வாங்கிக்கொள்ள நாம் பழகவில்லை என்பதுதான் காரணம் என்று தோன்றுகிறது. காசு கொடுத்தால் வாங்குவோம், உரிமை இருந்தால் வாங்குவோம். ஒன்றும் செய்யாமல், தகுதியைக் காட்டாமல், இன்னொருவரின் முழுக் கவனத்தையும் மூன்று நான்கு நிமிடம் தாங்கிக்கொண்டு உட்கார்வது கடினம். கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாது. கை எங்கே போவதென்று தெரியாது. நாற்காலி ஒன்றே ஒன்று என்பதுதான் இங்கே நிபந்தனை. இரண்டு நாற்காலி போட்டிருந்தால் அது கச்சேரி.

இதுவரை சொன்னவை எல்லாம் மென்மையானவை. லீயைக் குறை சொல்பவர்கள் இந்த மென்மையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லக்கூடிய படைப்பு 2006-இல் வந்த மணல் ‘குவெர்னிகா’.

1937 ஏப்ரல் 26-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கிளர்ச்சித் தளபதி ஃபிராங்கோவுக்கு ஆதரவாக ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாஸ்க் நகரமான குவெர்னிகாவின்மேல் குண்டு போட்டன. அதே ஆண்டு பிக்காசோ அதை வரைந்தார். லீ அந்த ஓவியத்தை வண்ண மணலால் தரையில் வரைகிறார். ஏறக்குறைய 13 மீட்டர் நீளம், ஆறரை மீட்டர் அகலம், மூலத்தைவிடப் பெரியது. ஒரு மூலையை முடிக்காமல் விட்டுவிட்டுக் கண்காட்சி திறக்கிறது. பார்வையாளர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். கண்காட்சிக் காலத்தின் நடுவே ஒரு நாள் குறிக்கப்படுகிறது. அன்று லீ மணலில் உட்கார்ந்து முடிக்காத மூலையை வரையத் தொடங்குகிறார். அதே நேரத்தில் பார்வையாளர்கள் ஒவ்வொருவராக, வெறுங்காலோடு, ஓவியத்தின்மேல் நடக்கிறார்கள். அவர் வரைந்துகொண்டே இருக்கிறார், அவர்கள் மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். பொழுது சாயும்போது அவரும் உடன் இருப்பவர்களும் துடைப்பத்தால் மணலை நடுவை நோக்கிக் கூட்டுகிறார்கள். கலங்கிய அந்த மணல் கண்காட்சி முடியும்வரை அப்படியே கிடக்கும்.

திபெத்தியத் துறவிகள் நாட்கணக்கில் மணலால் மண்டலம் என்ற புனிதக் கோலத்தை வரைந்து பிறகு கலைத்துவிடும் சடங்கோடு இதற்கு உறவு இருப்பது தெளிவு. நிலையாமையைச் சொல்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது போதாது. மண்டலத்தைக் கலைப்பவர் அதை வரைந்த துறவியே. இங்கே கலைப்பது நாம். அதுவும் எதன்மேல் நடக்கிறோம் என்றால், குண்டுவீச்சில் இறந்த பிள்ளையைக் கையில் ஏந்தி அலறும் தாயின்மேல். ஒருவர் ஒருவராகத்தான் போகவேண்டும் என்பதால், கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. கால் வைக்கலாமா வேண்டாமா என்பது தனி மனிதரின் முடிவு. முதலில் நடப்பவர் ஒரு முழு ஓவியத்தைக் கெடுக்கிறார். கடைசியில் நடப்பவருக்கு ஏற்கெனவே கெட்டதுதானே என்ற சமாதானம் கிடைத்துவிடுகிறது. போர்கள் நடக்கும் விதமும் இதுதான். லீயின் படைப்புகளில் ஆறுதல் தராத ஒன்று இது, அதனாலேயே ஆகச் சிறந்தது என்பேன்.

மியன்மாரில் பகோடாக்களைச் சுற்றி வெறுங்காலோடு நடக்க வருபவர்களுக்காகத் தன்னார்வலர்கள் பாதையைக் கூட்டி வைப்பதைப் பார்த்து உருவானது இன்னொரு படைப்பு, 2015-இல். கைலி உடுத்தி, காலில் சலங்கை அணிந்த நடனக் கலைஞர் ஒருவர், அரிசியும் தானியமும் கலந்த ஒரு குவியலைத் துடைப்பத்தால் மெல்ல மெல்லத் தரை முழுக்க இழுத்துப் பரப்பிக் கோலமாக்கி, மறுபடி கூட்டுகிறார். பேச்சு இல்லை. ஒருவர் முடித்தால் அடுத்தவர். 2020-இல் கொரோனாவால் மூடிக்கிடந்த மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஆளில்லாத அறைகளில், நடன அமைப்பாளர் பில் டி. ஜோன்ஸோடு சேர்ந்து இதைச் செய்து இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். 2022-இல் லண்டனின் டேட் மாடர்னிலும் நடந்தது.

அரிசியில் கால் படக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதைப் பார்க்கும்போது உள்ளே ஏதோ சுருக்கென்கிறது. அதைவிட முக்கியமான இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கூட்டுவதைத் தியானமாகப் பார்ப்பது அதைத் தானாக விரும்பி எடுத்துக்கொண்டவருக்குச் சரி. கூட்டுவதும் அள்ளுவதும் பிறப்பால் சிலர் தலையில் சுமத்தப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து பார்க்கும்போது, துடைப்பம் அவ்வளவு சாந்தமான பொருளாகத் தெரியாது. கோயிலைச் சுற்றிக் கூட்டியவர் யார், உள்ளே விடப்படாதவர் யார் என்ற கேள்வி உடனே வந்துவிடும். லீ மியன்மாரைப் பார்த்துச் செய்தார், நம்மைப் பார்த்து அல்ல. ஆனாலும் சடங்கு என்றால் அமைதி மட்டும் அல்ல, அதிகாரமும்தான். யாரைச் சேர்க்கிறது, யாரைத் தள்ளுகிறது என்பது எல்லாச் சடங்குக்குள்ளும் இருக்கிறது. லீ சடங்கிலிருந்து அக்கறையை எடுத்துக்கொள்கிறார், அந்தத் தள்ளிவைப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்.

இதைச் சொல்ல எனக்குத் தூண்டுதலாக இருந்தது அவருடைய போதி மரப் படைப்பு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2006-இல் திறந்த நவீனக் கலைக்கூடத்துக்காக, இலங்கையின் அனுராதபுரத்தில் பௌத்தர்கள் வழிபடும் அரசமரமான ஸ்ரீ மகா போதியின் வழிவந்த ஒரு கன்றைக் கொண்டுவந்து நட ஏற்பாடு செய்தார். கல்லும் உலோகமும் இல்லாத, தானாக வளரும் ஒரு சிற்பம். மடத்தில் பயின்ற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு இருக்கமுடியாது. பிரிஸ்பேனில் அந்த மரத்தடியில் உட்கார்பவருக்கு அது நிழல். ஆனால் ஈழத் தமிழ் வாசகருக்கு அந்த மரத்தின் கதை வேறு மாதிரி நீளும். 1985 மே மாதம் அனுராதபுரத்தில், மகா போதியில் வழிபட வந்தவர்களையும் சேர்த்துப் பொதுமக்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். போர் முடிந்த பிறகு, வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் ஊர்களில் அரசமரத்தடியில் எழும் புத்தர் சிலை, நிலத்துக்கான உரிமைக் கோரிக்கையாகவே பார்க்கப்படுகிறது. ஒரே மரம் ஒருவருக்குப் பரிசு, இன்னொருவருக்கு எல்லைக்கல். இந்தச் சுமையோடுதான் கன்று பயணம் செய்கிறது என்பதை அந்தப் படைப்பு சொல்லியிருந்தால் இன்னும் கனமாக இருந்திருக்கும்.

உறவுசார் கலையைப் பற்றி விமர்சகர் க்ளேர் பிஷப் 2004-இல் வைத்த கேள்வியும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. மக்களைச் சந்திக்க வைக்கிறீர்கள், நல்லது. எந்த மக்களை, எப்படிப்பட்ட உறவில் என்று அவர் கேட்டார். அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் ஏற்கெனவே ஒரே வகைப்பட்டவர்கள் என்றால், அவர்களுக்குள் இணக்கம் வருவது பெரிய சாதனை இல்லை. லீயின் மேசைக்கும் இது பொருந்தும். கிழிந்த சட்டையைத் தைக்க முடியாத வறுமையில் இருப்பவர் வெனிஸ் பினாலேக்கு டிக்கெட் வாங்கி வருவதில்லை.

இன்னொரு கேள்வி உழைப்பு பற்றியது. பாடுபவர்கள், தைப்பவர்கள், கூட்டுபவர்கள், வரவேற்பவர்கள் என்று ஒரு பெரிய கண்காட்சிக்கு எத்தனையோ கைகள் வேண்டும். 2014-இல் டோக்கியோவின் மோரி அருங்காட்சியகம், மறு ஆண்டு தைபே நுண்கலை அருங்காட்சியகம், 2020-இல் பெர்லினின் க்ரோபியஸ் பாவ், 2024-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டி யங் என்று அவருடைய பெரிய கண்காட்சிகள் நடந்தபோதெல்லாம், ஒவ்வொரு நாளும் பரிசைக் கொடுத்தது லீ அல்ல, உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அன்புகூட ஒரு வேலை நேரமாக மாறிவிடுகிறது. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். பூசாரி சம்பளத்துக்கு மந்திரம் சொல்வதால் சடங்கு பொய்யாகிவிடாது. ஆனால் அவர்களுக்கு என்ன கூலி, எத்தனை நேரம், யார் பெயர் சுவரில் ஏறுகிறது என்று கேட்பது, அக்கறையைப் பற்றிப் பேசும் கலைக்கு வெளியே உள்ள கேள்வி அல்ல.

பெர்லின் கண்காட்சி அவருடைய முறைக்கு வந்த பெரிய சோதனை. பரிசுகளும் சடங்குகளும் என்ற தலைப்பில் எல்லாம் தயாராகியிருந்த 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. தொடுவது, பக்கத்தில் உட்கார்வது, ஒருவர் துணியை இன்னொருவர் வாங்குவது, இவற்றை நம்பியே வாழ்ந்த ஒரு கலைக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கமுடியும்? லீ இரண்டு புது அழைப்புகளை வைத்தார். ஒன்று, பாடகர்கள் வீடியோ அழைப்பில் ஒரே ஒருவருக்காகப் பாடுவார்கள். இன்னொன்று, தொற்றுக்காலத்தைப் பற்றித் தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதி அனுப்பலாம். மே மாதம் கதவு திறந்தபோது எல்லாரும் இடைவெளி விட்டு நிற்கவேண்டியிருந்தது. ஒருவருக்கு ஒருவர் என்ற அவருடைய பழைய நிபந்தனை மட்டும் அப்படியே பொருந்திப்போனது. கூட்டத்தை நம்பியிருந்த எத்தனையோ கலைகள் முடங்கிய நேரத்தில், இருவர் மட்டும் என்பதை 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பழகியிருந்தவருக்குப் பெரிதாக மாற்ற எதுவும் இல்லை.

இனி கவனிக்கவேண்டியது, அவர் இல்லாமல் எது நிற்கும் என்பது. சேர்ந்து சாப்பிட்டதும் தூங்கியதும் அவர் உடம்போடு ஒட்டியவை. வேறொருவர் செய்யலாம்; பாஸ்டனின் இசபெல்லா ஸ்டீவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 2000-இல் அவர் தொடங்கிவைத்த வரவேற்பறையில், ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்கள் தங்கள் பொருட்களைக் கொண்டுவந்து விருந்தினரை வரவேற்றிருக்கிறார்கள். ஆனாலும் அந்த மேசையில் லீ இல்லையென்றால் அது மறுநிகழ்த்தல் என்ற உணர்வு வராமல் இருக்காது. கடிதச் சாவடிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. காகிதம், பேனா, மங்கல் கண்ணாடி, தபால்தலை ஒட்ட ஒரு ஊழியர் இருந்தால் போதும். உள்ளே நுழைபவர் யாருக்கு எழுதவேண்டும் என்பதை லீ ஒருபோதும் சொன்னதில்லை, சொல்லவும் தேவையில்லை.